உயிர்ப்பு ஞாயிறு நாள் கணிப்பு

உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) இயேசுவின் உயிர்த்தெழுதலைக் கிறித்தவர்கள் கொண்டாடும் விழா ஆகும். இதற்கு நிலையான தேதி கிடையாது. மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரையிலான காலத்தில் ஏதேனும் ஒரு ஞாயிறன்று வரும். 46 நாட்களுக்கு முன் வரும் திருநீற்றுப் புதன், புனித வெள்ளி, பெந்தகோஸ்து ஆகியவையும் இதையொட்டியே மாறுகின்றன.

விதி

மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்பு ஞாயிறு. முழுநிலவு ஞாயிறன்றே வந்தால், அதற்கு அடுத்த ஞாயிறு. அனைவரும் ஒரே நாளில் இவ்விழாவைக் கொண்டாட வேண்டும் என்று கி.பி. 325இல் நிக்கேயா சங்கம் முடிவு செய்தது.

அட்டவணை நிலவு

இங்கு முழுநிலவு என்பது வானில் பார்த்து அறிவதன்று, அட்டவணையிலிருந்து எடுப்பது. 19 ஆண்டுகள் 235 சந்திர மாதங்களுக்கு ஏறத்தாழச் சமம். வேறுபாடு சுமார் 2 மணி நேரமே. ஆகவே 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுநிலவுகள் அதே தேதிகளில் திரும்பி வருகின்றன. மேகம் மறைத்தாலும், ஊருக்கு ஊர் நேரம் வேறுபட்டாலும், எவரும் முன்கூட்டியே ஒரே விடையைப் பெறலாம்.

ஆண்டை 19ஆல் வகுத்து, மீதியுடன் 1 கூட்டினால் கிடைப்பது பொன் எண். 1900 முதல் 2199 வரை ஒவ்வொரு பொன் எண்ணுக்கும் உரிய முழுநிலவு நாள்:

1 – ஏப்ரல் 14
2 – ஏப்ரல் 3
3 – மார்ச் 23
4 – ஏப்ரல் 11
5 – மார்ச் 31
6 – ஏப்ரல் 18
7 – ஏப்ரல் 8
8 – மார்ச் 28
9 – ஏப்ரல் 16
10 – ஏப்ரல் 5
11 – மார்ச் 25
12 – ஏப்ரல் 13
13 – ஏப்ரல் 2
14 – மார்ச் 22
15 – ஏப்ரல் 10
16 – மார்ச் 30
17 – ஏப்ரல் 17
18 – ஏப்ரல் 7
19 – மார்ச் 27

எடுத்துக்காட்டுகள்

2026ஐ 19ஆல் வகுத்தால் மீதி 12. பொன் எண் 13. முழுநிலவு ஏப்ரல் 2, வியாழன். எனவே விழா ஏப்ரல் 5. 2025இன் பொன் எண் 12. அதற்குரிய ஏப்ரல் 13 ஞாயிறாக இருந்ததால் விழா ஏப்ரல் 20ஆம் நாளுக்குச் சென்றது.

அட்டவணையும் வானமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2019இல் உலக நேரப்படி மார்ச் 20 இரவில் சூரியன் சம இரவுப் புள்ளியை அடைந்தது. சில மணி நேரத்தில், மார்ச் 21 அதிகாலையில், முழுநிலவு வந்தது. வானத்தின்படி விழா மார்ச் 24. ஆனால் அட்டவணையில் அந்த முழுநிலவு மார்ச் 20. அடுத்தது ஏப்ரல் 18. ஆகவே விழா ஏப்ரல் 21 அன்று கொண்டாடப்பட்டது.

இரு தேதிகள்

ஜூலியன் நாட்காட்டியின் ஆண்டு உண்மையான ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளமானது. நூற்றாண்டுகளில் இப்பிழை பெருகியதால், 1582இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி அக்டோபர் 4க்கு மறுநாளை அக்டோபர் 15 ஆக்கினார். நிலவு அட்டவணையும் திருத்தப்பட்டது. கிழக்கு மரபுவழித் திருச்சபைகளில் பெரும்பாலானவை இவ்விழாவுக்குப் பழைய கணக்கையே பின்பற்றுகின்றன. அதன் மார்ச் 21 இப்போது நமது ஏப்ரல் 3 ஆகும்; அதன் முழுநிலவும் சில நாட்கள் பிந்தியது. 2025இல் இரு சாராருக்கும் ஒரே நாள். 2026இல் அவர்களுக்கு ஏப்ரல் 12.

1997இல் சிரியாவின் அலெப்போ நகரில் கூடிய திருச்சபைகளின் பிரதிநிதிகள், எருசலேமின் நேரத்தை அடிப்படையாகக் கொண்டு வானியல் முறையில் பொதுநாள் கணிக்கப் பரிந்துரைத்தனர். அது நடைமுறைக்கு வரவில்லை. ஒரே நாளில் கொண்டாடுவதற்காக வகுக்கப்பட்ட கணக்கு இன்றும் இரண்டாகவே உள்ளது.