அட்டைப்பெட்டிக்குள் இருந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா

கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரம் பெரும்பாலும் கேம் வாரம்தான். கேம் விளையாடும்போது திரையில் ஓடும் அந்த மனிதனை யார் வரைந்தார்கள், எப்படி வரைந்தார்கள் என்று நாம் யோசிப்பதில்லை. வரைந்த காகிதங்கள் இன்று எங்கே இருக்கின்றன என்றும் கேட்பதில்லை. ஒரு கேமுக்கு மட்டும் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. அதுதான் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா.

1989ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக இந்த கேம் வெளிவந்தது. பி.சி.யில் ஓடும் டாஸ் பதிப்பு 1990ல் வந்தது. 60 நிமிடத்திற்குள் இளவரசியை மீட்க வேண்டும் என்பதுதான் கதை. இதை உருவாக்கியவர் அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர். புரோகிராம், படங்கள், கதை மூன்றும் அவர் கைவண்ணமே. இசை மட்டும் அவருடைய அப்பா ஃபிரான்சிஸ் மெக்னர் போட்டது. இந்த அப்பாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

இந்த கேமில் எல்லோரையும் வியக்க வைத்தது இளவரசனின் ஓட்டம். பொம்மை போல் இல்லாமல் நிஜ மனிதன் போலவே ஓடி, தாவி, விளிம்பைப் பிடித்துத் தொங்குவான். காரணம், அவன் நிஜ மனிதன்தான்! 1985ல் மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டு, ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓட விட்டு வீடியோ எடுத்தார்.

வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு போவது இன்று ஒரு கேபிள் வேலை. அன்று அப்படியில்லை. மெக்னர் வீடியோவை டி.வி.யில் ஓடவிட்டு, ஒவ்வொரு மூன்றாவது ஃபிரேமிலும் நிறுத்தி, திரையைச் சாதாரண ஃபிலிம் கேமராவால் போட்டோ எடுத்தார். ஃபிலிமைக் கழுவி பிரிண்ட் போட்டு, உருவத்தைக் கறுப்பு மார்க்கராலும் வெள்ளைத் திருத்த மையாலும் தெளிவாக்கினார். அந்தத் துண்டுகளை வரிசையாகத் தாளில் ஒட்டி ஜெராக்ஸ் எடுத்தார். பிறகு கேமரா மூலம் ஆப்பிள் 2வுக்குள் ஏற்றி, புள்ளி புள்ளியாகச் சரி செய்தார். திரையில் அகலவாக்கில் 280 புள்ளிகள், உயரவாக்கில் 192. அவ்வளவுதான் இடம். கத்திச் சண்டைக்கு 1938ல் வந்த ராபின் ஹூட் படம் கை கொடுத்தது. அதில் எரால் ஃபிளின்னும் பேசில் ராத்போனும் சண்டை போடும் காட்சியில், இருவரும் பக்கவாட்டில் தெரியும் சில நொடிகளை இதே முறையில் பிரதி எடுத்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது நிழல் மனிதன் கதை. கேமுக்குக் கிடைத்த மெமரி 128 கே.பி. இன்று செல்போனில் எடுக்கும் 3 எம்.பி. போட்டோ ஒன்று அதைப்போல 24 மடங்கு! இளவரசனின் படங்களே அந்த மெமரியை அடைத்துக்கொண்டதால், எதிரி ஒருவனை வரைய இடமில்லை. சக ஊழியர் டோமி பியர்ஸ் ஓர் எதிரி வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். மெக்னர் இளவரசனின் படத்தையே ஒரு புள்ளி தள்ளி அதன் மேலேயே வைத்து, இரண்டும் வேறுபடும் புள்ளிகளை மட்டும் ஒளிர விட்டார். மினுமினுக்கும் நிழல் உருவம் ஒன்று கிடைத்தது. கூடுதல் படம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு, இன்று 'மெமரி போதவில்லை' என்று புலம்பக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? மெக்னர் எதையும் தூக்கிப் போடாத ஆள். வீடியோ, போட்டோ பிரிண்டுகள், ஓவியங்கள், கல்லூரிக் காலம் முதல் எழுதிய டைரிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அந்த டைரிகள் 2011ல் மின்புத்தகமாகவும், 2020ல் படங்களோடு அச்சுப் புத்தகமாகவும் வந்தன. ஒன்று மட்டும் தொலைந்துவிட்டது. அது கேமின் சோர்ஸ் கோடு.

சோர்ஸ் கோடு என்றால் புரோகிராமர் தன் கையால் எழுதிய மூல வரிகள். நாம் விளையாடுவது அதிலிருந்து சமைக்கப்பட்ட பண்டம். சாம்பாரைப் பார்த்துச் செய்முறையை முழுசாக எழுத முடியாது அல்லவா? அதுபோலத்தான். பத்து வருடம் தேடியும் மெக்னருக்கு அது கிடைக்கவில்லை.

2012ல் அப்பா ஃபிரான்சிஸ் வீட்டைச் சுத்தம் செய்தபோது, அலமாரியின் பின்னால் கிடந்த பழைய சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மகனுக்கு அனுப்பினார். உள்ளே விற்காமல் கிடந்த கேம் பெட்டிகள். அவற்றுக்கு நடுவே சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில் மூன்றரை அங்குல பிளாப்பிகள். மேலே மெக்னரின் கையெழுத்தில் சோர்ஸ் கோடு என்று லேபிள்!

பிளாப்பி கிடைத்துவிட்டது, ஆனால் படிப்பது எப்படி? பிளாப்பியில் தகவல் காந்தப் பூச்சாகத்தான் நிற்கிறது. வருடம் போகப் போக அது வலுவிழக்கும், உதிரவும் உதிரும். போதாததற்கு, ஆப்பிளின் 800 கே.பி. பிளாப்பியை எழுதும் டிரைவ், தட்டின் இடத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றிச் சுழலும். கடையில் கிடைக்கும் சாதாரண யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் அதைப் படிக்காது. எனவே டிஜிட்டல் ஆவணங்களைக் காப்பதில் பெயர் பெற்ற ஜேசன் ஸ்காட்டும், ஆப்பிள் 2 கருவிகளைச் சேகரிக்கும் டோனி டயஸும் கருவிகளோடு வந்தார்கள். 2012 ஏப்ரலில் ஒவ்வொரு பிளாப்பியாக ஏற்றினார்கள். கோடு பத்திரமாக இருந்தது. உடனே அதை கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டார் மெக்னர்.

காகிதமும் போட்டோவும் 27 வருடம் கழித்து வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது, பிளாப்பிக்கு இரண்டு நிபுணர்கள் வேண்டியிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாண சி.டி. இன்னும் ஓடுகிறதா என்று இந்த வாரமே ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஓடினால் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி, பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ இன்னொரு காப்பி எடுத்துவிடுங்கள். சி.டி.யையும் தூக்கிப் போடாதீர்கள்.

மெக்னரின் ஆவணங்கள் நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரத்து ஸ்ட்ராங் மியூசியத்தில் இருக்கின்றன. முந்தைய கேமான கராத்தேகாவின் ஓவியங்களையும் சோதனைப் பதிப்புகளையும் சேர்த்து, 2023ல் 'தி மேக்கிங் ஆஃப் கராத்தேகா' என்று ஒரு டிஜிட்டல் ஆவணத் தொகுப்பே வந்தது.

அந்தக் கோடைத் திறந்து பார்த்தேன். பழைய 6502 அசெம்பிளி மொழி, புதியவர்களுக்குத் தலை சுற்றும். ஆனால் அசைவுகளின் பட்டியல் உள்ள ஃபைலில் 'ஸ்டார்ட்ரன்', 'ஸ்டாண்ட்ஜம்ப்' என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. டேவிட் ஓடும் வீடியோ யூடியூபில் இருக்கிறது. ஒரு ஜன்னலில் அதையும், பக்கத்து ஜன்னலில் கேமையும் ஓடவிட்டு, தாவும் இடத்தில் இரண்டையும் நிறுத்திப் பாருங்கள்.