கண்ணுக்குள் கலங்கிய நீர்

மழை வெள்ளம் வடியும் நாட்களில் எண்ணூர் முகத்துவாரம் செம்மண் நிறமாகக் கலங்கிக் கிடக்கும். வாய் திறந்திருந்தால் ஓதம் ஏறி இறங்கி நீர் தெளியும்; மணல் மூடினால் தேங்கிவிடும். பக்கத்திலுள்ள கத்திவாக்கத்துக்காரர்களுக்கு இது தெரிந்த காட்சி. ரெட்டினா (விழித்திரை) அறுவைக்குப் பின் கண்ணுக்குள் ரத்தம் கசிவதையும் இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கண்ணுக்குள் சுமார் 4 மில்லி ஜெல் இருக்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரையில் முளைக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் உடைந்தால், ரத்தம் அந்த ஜெல்லில் சிக்கி மாதக்கணக்கில் நிற்கும். 1970இல் மயாமியில் ராபர்ட் மாக்கமர் என்ற கண் மருத்துவர் ஒரு வழி கண்டார். வெள்ளைவிழியில் துளையிட்டு, ஜெல்லை வெட்டி உறிஞ்சிக்கொண்டே உப்புநீரை நிரப்பும் கருவி அது. இன்று அந்தத் துளை அரை மில்லிமீட்டர் அளவுதான்.

இந்த அறுவைக்குப் பிறகும் ரத்தக்குழாயின் நுனி கசியலாம், பழைய ரத்தக்கட்டி கரையலாம். பார்வை புகைபோல மங்கியதும் பலர், "ஆபரேஷன் வீணாப்போச்சே" என்று உடைந்துபோகிறார்கள். அப்படி முடிவுகட்ட வேண்டாம். ஜெல் போய்விட்டதால் ரத்தம் சிக்க இடமில்லை. கண்ணில் ஊறி வடியும் நீரோடு பெரும்பாலும் சில வாரங்களில் தானே வெளியேறும்.

காலையில் எழுந்ததும் மங்கல் அதிகம், உட்கார்ந்திருந்தால் குறைகிறது என்பார்கள். படுக்கும்போது ரத்தம் விழித்திரையின் நடுவில் பரவுகிறது. நிமிர்ந்தால் அடியில் படிகிறது. அதனால்தான் தலையணையை உயர்த்திப் படுக்கச் சொல்கிறார்கள். கண்ணில் காற்றோ எண்ணெயோ நிரப்பியிருந்தால் மட்டும், மருத்துவர் சொன்ன நிலையில்தான் படுக்க வேண்டும்.

ரத்தம் மறைக்கும்போது விழித்திரை விலகாமல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்கள். கண் பிரஷரையும் அளப்பார்கள், ஏனெனில் ரத்த அணுக்கள் வடிகாலை அடைக்கக்கூடும். தெளியவில்லை என்றால் கண்ணுக்குள் ஊசி, லேசர், அல்லது உள்ளே கழுவிவிடும் சிறு அறுவை உண்டு.

வலை இழுப்பதும் மூட்டை தூக்குவதும் மருத்துவர் அனுமதிக்கும் வரை கூடாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க இதயத்துக்கு எடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

கடும் வலி, வாந்தி, திரை விழுந்ததுபோன்ற இருட்டு, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கத்திவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, சென்னைக் கடற்கரை நிலையத்தில் மாறினால் எழும்பூர். 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. கலங்கிய நீர் தெளியப் பொறுத்திருக்கலாம். வலிக்கும் கண் பொறுக்காது.