கோழிக் கூடு கட்டும் முன்: இந்தப் பலகை எங்கிருந்து வந்தது?

இந்த எபிசோட் கோடிங் பற்றி இல்லை, கோழி பற்றி. ஆடியோவுல நான் திணறின இடங்களையும், நடுவுல சேவல் கூவின இடங்களையும் வெட்டிட்டு, மிச்சத்தை எழுத்தாக்கி இங்கே போட்டிருக்கேன்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். 2021 மே மாசம், வொர்க் ஃப்ரம் ஹோம் காலம். எட்டயபுரத்துல ஆச்சி வீட்டுல இருந்து வேலை பார்த்துட்டு இருந்தேன். யூடியூப் பார்த்து நானே ஒரு கூடு கட்டி, ஆறு வெள்ளைக் கோழி வாங்கி விட்டேன். மேலே தகரம், சுத்தி நெருக்கமா பலகை, ஒரே ஒரு சின்ன ஜன்னல். பார்க்க ரொம்ப அழகா இருந்தது. ஒரு நாள் மதியம் மீட்டிங் முடிச்சுட்டு வெளியே வந்தா, ரெண்டு கோழி வாயைப் பிளந்துகிட்டு செத்துக் கிடக்கு. நாய் கடிக்கலை, நோயும் இல்லை. வெயில்தான்.

ஆச்சி எட்டிப் பார்த்துட்டு ஒரே வரிதான் சொன்னாங்க: "எய்யா, நீ கூடு கட்டலை, அடுப்பு கட்டியிருக்க."

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதோட உடம்புச் சூடு சாதாரணமாவே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல. வாயைத் திறந்து மூச்சிரைச்சு, இறக்கையை விரிச்சுத்தான் சூட்டை வெளியே தள்ளும். காத்தே வராத தகரப் பெட்டிக்குள்ள அது எவ்வளவு நேரம் தாங்கும்?

அதுக்கப்புறம் எல்லாத்தையும் பிரிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். இந்த தடவை ஆபீஸ் பழக்கம் ஒண்ணு கை கொடுத்தது. வெளியில இருந்து ஒரு லைப்ரரியை எடுத்து நம்ம கோடுக்குள்ள போடறதுக்கு முன்னாடி, இது யார் எழுதினது, எதுக்காக எழுதினதுன்னு பார்ப்போம் இல்லையா? அதே கேள்வியை ஒவ்வொரு பலகைகிட்டயும், கடைசியில ஒவ்வொரு கோழிகிட்டயும் கேட்டேன்: நீ எங்கிருந்து வந்தே?

பேலட் பலகை

தூத்துக்குடியில துறைமுகம் இருக்கறதால, சரக்கு வந்து இறங்கின பேலட் கட்டைகள் இந்தப் பக்கம் பழசா மலிவா கிடைக்கும். கூடு கட்ட நல்ல மரம்தான். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி அதுல இருக்கிற முத்திரையைப் படிங்க. கப்பல்ல நாடு விட்டு நாடு போற மரக்கட்டைகளுக்கு ஐ.எஸ்.பி.எம். 15-ன்னு ஒரு சர்வதேச விதி இருக்கு. மரத்துல பூச்சி ஏறிப் போகக் கூடாதுங்கறதுதான் அதோட நோக்கம். அந்த விதிப்படி, கோதுமைக் கதிர் படத்தோட ஒரு முத்திரை குத்தியிருப்பாங்க. பக்கத்துல நாட்டின் குறியீடும், ஆங்கிலத்துல ரெண்டு எழுத்தும் இருக்கும்.

எச்.டி. என்றால் வெப்ப முறை. மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் குறைஞ்சது 56 டிகிரி சூட்டை 30 நிமிஷம் ஏத்தியிருக்காங்கன்னு அர்த்தம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு, விஷ வாயு. அந்த வாயு பெரும்பாலும் பறந்து போயிருக்கும். இருந்தாலும் எச்.டி. கட்டை கிடைக்கும்போது எம்.பி. எதுக்கு? முத்திரையே இல்லாத கட்டைன்னா, அதோட கதை யாருக்கும் தெரியாது. அதையும் விட்டுடுங்க.

இன்னொண்ணு. எச்.டி. முத்திரை, மரத்தை எப்படிப் பூச்சி நீக்கினாங்கன்னு மட்டும்தான் சொல்லும். அதுக்கப்புறம் அந்தக் கட்டை மேல என்ன கொட்டிச்சுன்னு சொல்லாது. எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தா வேண்டாம்.

பழைய கதவும் வேஸ்ட் ஆயிலும்

இடிச்ச வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் மலிவாக் கிடைக்கும். பிரச்சினை மரத்துல இல்லை, பெயின்ட்ல. வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல இருக்கக் கூடாதுங்கற விதி இந்தியாவுல 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முந்தின பெயின்ட்ல எவ்வளவு இருக்கும்னு சொல்ல முடியாது. கோழி எதைப் பார்த்தாலும் கொத்தும், உரிஞ்சு விழற பெயின்ட் செதிலையும் கொத்தும். அந்த ஈயம் முட்டையோட மஞ்சள் கருவுக்கு வரும், அங்கிருந்து அதைச் சாப்பிடற குழந்தைக்கு வரும். சுரண்டி எடுத்துட்டா போச்சுன்னு நினைக்காதீங்க. சுரண்டும்போது வர்ற தூசியை நாமதான் சுவாசிப்போம்.

கரையானுக்காக வண்டியிலிருந்து எடுத்த வேஸ்ட் ஆயிலைக் கட்டையில பூசற பழக்கமும் இருக்கு. எஞ்சின்ல தேய்ஞ்ச உலோகத் துகள் எல்லாம் அதுல இருக்கும். கோழி அதுல உரசும், அப்புறம் அதே இறகை அலகால கோதும். பதிலா, மரக்காலை நேரா மண்ணுல புதைக்காம கல் மேல நிறுத்துங்க. பலகைக்குச் சுண்ணாம்பு அடிங்க. கோழி உண்ணி, செள் எல்லாம் பகல்ல ஒளிஞ்சிருக்கிற இடுக்குகளைச் சுண்ணாம்பு அடைச்சிடும்.

கூரை

இதுதான் நான் ரொம்ப யோசிச்ச இடம். ஆச்சி வீட்டுக் கொல்லையில ரெண்டு பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கிடந்தது. தகரம் மாதிரி கொதிக்காது, காசும் இல்லை. ரம்பத்தை எடுத்துட்டேன். நல்லவேளை, அறுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சேன்.

ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், எல்லா வகையுமே புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை பண்ணியாச்சு. இந்தியாவுல கல்நார் சிமென்ட் ஷீட் இன்னும் சட்டப்படி விற்பனையில இருக்கு. ஷீட் உடையாம அப்படியே இருக்கற வரைக்கும் நார் சிமென்ட்டுக்குள்ள கட்டுண்டு கிடக்கும். அறுத்தா, துளை போட்டா, உடைச்சா, வெயில் மழையில அரிச்சுப் போனா, கண்ணுக்குத் தெரியாத தூசியா பறக்கும். நோய் தெரிய இருபது, முப்பது வருஷம்கூட ஆகலாம். கோழி அவ்வளவு நாள் உயிரோட இருக்காது. தினமும் கூட்டைப் பெருக்கற ஆச்சியோ, அறுத்த நானோதான் மாட்டுவோம். ரம்பத்தைக் கீழே வெச்சுட்டேன்.

கடைசியில, பனைக்குப் பேர் போன நம்ம மாவட்டத்துல பதில் கண்ணு முன்னாடியே இருந்தது. பழைய தகரத்தையே போட்டு, அதுக்கு மேல ஒரு சாண் இடைவெளி விட்டு பனை ஓலை வேய்ஞ்சோம். தகரம் மழையையும் பூனையையும் தடுக்குது, ஓலை வெயிலைத் தடுக்குது, நடுவுல காத்து ஓடுது. ஓலையை அப்பப்போ மாத்தணும், நெருப்புக்குத் தள்ளி வைக்கணும். அவ்வளவுதான்.

வலையும் தரையும்

கடையில கோழி வலைன்னு விக்கற மெல்லிசான அறுகோண வலை, கோழி வெளியே போகாமத் தடுக்கும். நாயோ கீரியோ உள்ளே வராமத் தடுக்காது. அரை இஞ்ச் வெல்டட் மெஷ் போடுங்க. வெட்டின கம்பித் துண்டை ஒண்ணு விடாமப் பொறுக்குங்க. பளபளன்னு இருந்தா கோழி முழுங்கிடும், அந்த துத்தநாகப் பூச்சு விஷம்.

எங்க ஊர் கரிசல் மண். கோடையில வெடிக்கும், மழையில உப்பும். வெடிப்பு எலிக்கும் பாம்புக்கும் வாசல் மாதிரி. அதனால கூட்டைக் கல் தூண் மேல ரெண்டடி உசரத்துல வெச்சோம். 2023 டிசம்பர் பெருமழையில, இதே மாவட்டத்துக் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டினப்போ, எங்க கொல்லையிலும் தண்ணி நின்னது. கூட்டுக்குள்ள ஏறலை.

எந்தக் கோழி?

இப்போ அதே கேள்வியைக் கோழிகிட்ட கேட்போம். நான் முதல்ல வாங்கின வெள்ளைக் கோழி, நாமக்கல் பண்ணைகள்ல பார்க்கற ரகம். வருஷத்துக்கு முந்நூறு முட்டை வரைக்கும் போடும். ஆனா அது கூண்டுக்கும், அளந்து வைக்கற தீவனத்துக்கும்னே உருவாக்கின பறவை. அடைகாக்கிற குணத்தையே இனப்பெருக்கத்துல எடுத்துட்டாங்க. கொல்லையில மேயும்போது பருந்துக்கு அந்த வெள்ளை நிறம் பளிச்சுன்னு தெரியும்.

வனராஜா, கிராமப்பிரியா ரெண்டும் ஹைதராபாத்ல இருக்கிற மத்திய கோழி ஆராய்ச்சி நிறுவனத்துல புறக்கடைக்குன்னே உருவாக்கினது. நந்தனம் ரகங்கள் நம்ம கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தோடது. முட்டை வேணும், புதுசா ஆரம்பிக்கறேன்னா இவை நல்ல தேர்வு. ஆனா அடைகாக்கும்னு நம்ப முடியாது, அடுத்த தலைமுறைக்கு மறுபடி குஞ்சு வாங்கணும். கடக்நாத் மத்தியப் பிரதேச ஜாபுவாவோடது, 2018-ல புவிசார் குறியீடு வாங்கினது. விலையைக் கேட்டு மயங்கி ஆரம்பிக்காதீங்க.

நான் இப்போ வெச்சிருக்கறது நம்ம சிறுவிடை. அஞ்சு பெட்டை, ஒரு சேவல். முட்டை கம்மிதான், வருஷத்துக்கு அறுபது, எழுபது. ஆனா அதுவே அடைகாக்கும், குஞ்சைக் கூட்டிட்டு மேயும், பருந்தைப் பார்த்தா குரல் கொடுக்கும், விரட்டினா மரத்துல ஏறிடும்.

நாட்டுக்கோழிக்கு நோய் வராதுன்னு மட்டும் நம்பாதீங்க. வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிகேட் நோய், வந்தா ஒரே வாரத்துல கூடே காலி. முதல் வாரத்துல ஒரு தடவை, எட்டாவது வாரம் வாக்குல ஒரு தடவை தடுப்பு மருந்து. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துல கேளுங்க. புதுசா வாங்கின கோழியை ரெண்டு, மூணு வாரம் தனியா வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் சேருங்க. அதுவும் எங்கிருந்தோதானே வந்திருக்கு?

சிட்டியில மொட்டை மாடில வளர்க்கப் போறவங்க, சேவல் இல்லாமலே முட்டை வரும்ங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பக்கத்து வீட்டுக்காரங்க நன்றி சொல்வாங்க.

அந்த ரெண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் இன்னும் உடையாம, கொல்லைச் சுவர்ல சாஞ்சு தார்ப்பாய்க்குள்ள இருக்கு. அதைப் பாதுகாப்பா எங்கே ஒப்படைக்கறதுன்னு விசாரிச்சுட்டு இருக்கேன். உங்க ஊர்ல யாராவது சரியா செஞ்சிருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கறேன். அதுவரைக்கும், கூடு கட்டப் போறவங்க பலகையைத் திருப்பிப் பார்த்துட்டு ஆணி அடிங்க.