தோளில் ஒரு துணிப்பை

1955-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற பாட்டி அப்பலாச்சியன் மலைப்பாதையில் தன்னந்தனியாக நடக்கக் கிளம்பினார். வயது 67. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 3,200 கிலோமீட்டருக்கும் மேல்! கூடாரம் கிடையாது. தானே தைத்த துணிப்பையில் ஒரு கம்பளிப் போர்வை, மழைக்கோட்டு, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. மழை வந்தால் அந்தத் திரைதான் கூரை. காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. அதுவும் பல ஜோடி தேய்ந்துபோனது. முழுப் பாதையையும் ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவர். 1957-இல் மறுபடியும் நடந்தார். எத்தனை உறுதி!

நீங்களும் மலையேறக் கிளம்புகிறீர்களா? தண்ணீரையும் மழைக்காப்பையும் மறக்காதீர்கள். பையைத் தோளில் மாட்டி, வீட்டு மாடிப்படியில் நாலு முறை ஏறி இறங்கிப் பாருங்கள்; கனமாக இருந்தால் சுமையைக் குறைத்துவிடுங்கள்.