பிரசவத்துக்குப் பின் காய்ச்சல்: ஒரே ஒருவருக்கு வந்தாலும் விசாரிக்க வேண்டும்

உடுமலைப்பேட்டையில் பிரசவம் பார்த்துக்கொண்ட ஒரு பெண், மூன்றாம் நாள் மடத்துக்குளத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே குளிர்காய்ச்சல், தாங்க முடியாத அடிவயிற்று வலி. பக்கத்தில் இருக்கிறதென்று பழனியில் காட்டுகிறார்கள். முற்றினால் கோவைக்குக் கொண்டுபோவார்கள். பிரசவம் பார்த்த மருத்துவமனைக்கு மட்டும் இது கடைசிவரை தெரியாமலே போகலாம். அதே வார்டில் அடுத்த பெண் படுத்திருப்பார்.

இத்தகைய காய்ச்சலுக்குப் பல கிருமிகள் காரணமாகலாம். அவற்றில் மிக வேகமாக உயிரைக் குடிப்பது குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பள்ளிக் குழந்தைகளுக்குத் தொண்டைவலி தரும் அதே கிருமிதான். கருப்பையிலோ அறுவைப் புண்ணிலோ புகுந்தால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் பரவிவிடும். எந்த நோயும் இல்லாதவரின் தொண்டையிலும் தோலிலும்கூட இது தங்கியிருக்கும். மருத்துவரும் செவிலியரும் இதற்கு விலக்கல்ல.

கைவழியே இது பரவும் என்பதற்குப் பழைய உதாரணம் உண்டு. வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரசவ வார்டில் 1846இல் நூறு தாய்மாரில் 11 பேர் இறந்தார்கள். பிணப் பரிசோதனை முடித்து வரும் மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவியே தீர வேண்டும் என்று 1847இல் அங்கிருந்த மருத்துவர் செம்மல்வைஸ் கட்டாயமாக்கினார். 1848இல் இறப்பு நூற்றுக்கு ஒன்றே சொச்சமாக இறங்கியது. கிருமி எதுவென்று அப்போது யாருக்கும் தெரியாது. சங்கிலிபோல் கோத்திருக்கும் அந்தக் கிருமியை பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் அடையாளம் காட்டியது 1879இல்தான்.

பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் இந்தக் கிருமி தொற்றி 12 பேர் இறந்ததாக 2019 ஜூனில் செய்தி வந்தது. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், வீட்டிலேயே செவிலியரிடம் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள். சர்க்கரைப் புண்ணுக்கு டிரஸ்ஸிங் செய்யும் நம் ஊர் கிளினிக்குகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரசவத்துக்கோ அறுவைக்கோ பின் ஒரே ஒருவருக்கு இந்தத் தொற்று வந்தாலும் விசாரணை தொடங்க வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். ஆறு மாதத்தில் இன்னொருவருக்கும் வந்தால், இரண்டும் ஒரே வகைக் கிருமியா என்று ஒப்பிட வேண்டும். அதற்கு முதல் நோயாளியின் கல்ச்சரில் வளர்ந்த கிருமியைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். நம் பக்கத்தில் சறுக்குவது இங்கேதான். ஸ்வாப் எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் ஊசி போட்டுவிட்டால், பிறகு கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகலாம். சிகிச்சையைத் தாமதிக்கச் சொல்லவில்லை. மாதிரியை எடுத்துவிட்டு உடனே ஊசி போடலாம். இந்தக் கிருமி இன்றும் பென்சிலினுக்குக் கட்டுப்படும்.

தொண்டைவலியுள்ள ஊழியருக்கு ஸ்ட்ரெப் உறுதியானால், மருந்து தொடங்கி 24 மணி நேரம் ஆகும்வரை வார்டுக்கு வரக்கூடாது. அந்த நாள் சம்பளத்தைப் பிடித்தால் யாரும் வலியைச் சொல்ல மாட்டார்கள்.

தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்கும் நடைமுறை இருக்கிறது. பிழைத்துக்கொண்ட தாயின் காய்ச்சலுக்கு அந்த அவசரம் கிடைப்பதில்லை. காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர், பிரசவம் பார்த்த இடத்துக்கு ஒரு போன் செய்ய வேண்டும். இரண்டு மூன்று பேருக்குத் தொடர்ந்து வந்தால், அரசோ தனியாரோ, திருப்பூர் மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: பிரசவமான பெண்ணுக்கு 100.4 டிகிரியைத் தொடும் காய்ச்சலோ, கடும் வயிற்று வலியோ, படபடப்போ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும், பிரசவம் எங்கே, எந்தத் தேதியில் நடந்தது என்பதை முதலில் சொல்லுங்கள்.