வாழ்த்து அட்டை செய்த கையால் குடும்ப ஏடு

தீபாவளி, பொங்கல் என்றால் மணிலா அட்டையை இரண்டாக மடித்து, வண்ணத்தாளில் குத்துவிளக்கும் கரும்பும் வெட்டி ஒட்டி, தங்கள் கையாலேயே வாழ்த்து அட்டை செய்யும் தாய்மார்களும் பிள்ளைகளும் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் கைகளுக்கு இன்னொரு வேலையைச் சொல்லப் போகிறேன். வீட்டுப் புகைப்படங்களை ஒட்டி, பக்கத்தில் விவரம் எழுதி, குடும்ப ஏடு ஒன்று தயாரிப்பதுதான் அது. ஆங்கிலத்தில் இதை ஸ்கிராப் புக் என்கிறார்கள். புதிய பழக்கமும் அல்ல. அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெய்ன், முன்னதாகவே பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஒட்டுப் புத்தகம் ஒன்றுக்கு 1873-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருக்கிறார்.

எங்கள் வீட்டுப் பிஸ்கட் டின்னில் ஒரு படம் இருக்கிறது. லயத்து வாசலில் நான்கு பேர் நிற்கிறார்கள். ஒருவர் என் தாத்தா. மற்ற மூவர் யார்? பாட்டிக்குத் தெரியும், பாட்டி இருந்தவரை நாங்கள் கேட்கவில்லை. படத்தின் பின்புறத்தில் ஓர் எழுத்தும் கிடையாது. அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. போய்க் கேட்பதற்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை.

வாழ்த்து அட்டைக்கும் ஏட்டின் பக்கத்திற்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. அட்டையைப் பெறுகிறவருக்கு அனுப்பியவரைத் தெரியும். ஏட்டைப் பார்க்கப் போகிற பேரப்பிள்ளைக்கு யாரையும் தெரியாது. ஆகையால் அட்டையில் அலங்காரத்திற்கு முதலிடம் கொடுத்த நீங்கள், பக்கத்தில் எழுத்துக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். எழுதும் இடத்தை முதலில் ஒதுக்குங்கள். பூவும் ஜிகினாவும் மிஞ்சிய இடத்திற்குப் போதும். ஜிகினாத் தூள் ஏட்டுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். அது உதிர்ந்து படத்தைக் கீறும்.

ஏ4 அளவுத் தாள் 21 சென்டிமீட்டர் அகலம், ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரம். துளையிட்டுக் கோப்பில் கோக்க இடது பக்கம் 3 சென்டிமீட்டர் விடுங்கள். மேலே 2 சென்டிமீட்டர் ஓரம் விட்டு, அதற்கும் கீழே 3 சென்டிமீட்டரில் தலைப்பு. அதன் கீழ், கடையில் கழுவித் தரும் 10-க்கு 15 சென்டிமீட்டர் படத்தைப் படுக்கை வாட்டில் வைத்தால், இரு புறமும் ஒன்றரை சென்டிமீட்டர் ஓரம் அழகாக அமையும். அதற்குக் கீழே ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் மிஞ்சும். இடது மூலையில் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று, மீதி முழுவதும் எழுத்து. ஒரு பக்கத்திற்கு ஒரே பெரிய படம். ஐந்தாறு படங்களைச் சம அளவில் நெருக்கி வைத்தால் கண் எதிலும் நிற்காது. அட்டை செய்து பழகியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். படங்களை ஒட்டாமல் பரப்பி வைத்து, மறுநாள் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி ஒட்டுவது. இங்கேதான் பலர் தவறு செய்கிறோம். கஞ்சிப்பசையும் மைதாப்பசையும் கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து. செலோடேப் நாளடைவில் மஞ்சளாகிக் கறை விடும். 1970, 80-களில் வீடுதோறும் வாங்கிய, பளபளப்புத் தாளைத் தூக்கினால் பசைக்கோடு தெரியும் ஆல்பங்கள் இருக்கின்றனவே, அவை இன்னும் மோசம். அந்தப் பசையே படத்தைப் பிடித்துக்கொண்டு பழுப்பாக்குகிறது. அதில் சிக்கிய படத்தைப் பிய்க்காதீர்கள். மெல்லிய நைலான் நூலைப் படத்தின் பின்னால் நுழைத்து, மெதுவாக அறுப்பது போல இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு, ஆல்பத்தோடு சேர்த்து அப்படியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் பசையே படாமல் பொருத்த ஒரு வழி உண்டு. 4 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலத்தில் வெள்ளைத்தாள் துண்டு ஒன்று வெட்டுங்கள். காகிதக் கப்பல் மடிக்கும்போது முதலில் செய்வது போல, மேல் மூலைகள் இரண்டையும் கீழ் ஓரத்தின் நடுவுக்கு மடித்தால் முக்கோணப் பை கிடைக்கும். இப்படி நான்கு செய்து, படத்தின் நான்கு மூலைகளையும் அவற்றுக்குள் செருகி, பைகளின் மடித்த பக்கத்தில் மட்டும் பசை தடவித் தாளில் ஒட்டுங்கள். வேண்டியபோது படத்தைக் கழற்றலாம். தாள் வாங்கும்போது அமிலமற்ற தாள் கிடைக்குமா என்று கேளுங்கள். செய்தித்தாள் துணுக்கு எதையும் படத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். செய்தித்தாள் தானும் மஞ்சளாகி, பக்கத்தில் இருப்பதையும் மஞ்சளாக்கும்.

பழைய படத்தை வெட்டி அழகுபடுத்த வேண்டாம். பின்னால் தெரியும் லயமும் தண்ணீர்க் குழாயும் பால் வாளியும்தான் நாளைக்கு அரிய செய்தி. வெட்டத்தான் வேண்டுமென்றால் நகல் எடுத்து அதை வெட்டுங்கள். பிறப்புப் பத்திரம், குடியுரிமைப் பத்திரம், பழைய அடையாளக் கார்டு ஆகியவற்றின் அசலை ஏட்டில் ஒட்டவே கூடாது. ஓர் அலுவலகத்தில் அசலைக் கேட்கும்போது ஏட்டைக் கிழித்துக்கொண்டு ஓட முடியுமா? நகலை ஒட்டுங்கள், போதும்.

என்ன எழுதுவது? "இனிய நினைவுகள்" என்று எழுதாதீர்கள். அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இடமிருந்து வலமாகப் பெயர், உறவுமுறை, தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், எந்த ஆண்டு. ஆண்டு நினைவில்லை என்றால், "பெரியண்ணன் பிறந்த பிறகு, தங்கச்சி பிறப்பதற்கு முன்" என்று எழுதினாலும் பயன் உண்டு. பால்மரம் வெட்டினாரா, மருந்து தெளித்தாரா, பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருந்தாரா என்பதையும் சேருங்கள்.

கைத்தொலைபேசியில்தான் எல்லாப் படமும் இருக்கிறதே என்பீர்கள். தொலைபேசி தண்ணீரில் விழுந்து படங்கள் போன வீடுகள் எத்தனையோ. அதிலிருந்து பத்துப் படங்களையாவது கழுவி வாங்குங்கள். முடிந்த ஏட்டை ஈரச் சுவரோரம் வைக்காமல், தகரக் கூரையின் வெக்கையும் படாமல், அலமாரியின் உள்தட்டில் வையுங்கள்.

முதல் பக்கத்திற்கு எந்தப் படம் என்று யோசிக்கிறீர்களா? அழகான படத்தைத் தேடாதீர்கள். வீட்டிலேயே வயதானவர் எந்தப் படத்தைப் பார்த்தவுடன் அதிகப் பெயர்களைச் சொல்கிறாரோ, அதை எடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு, ஒரு பென்சிலோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.