ஆறு மணி ஷிப்டா, இரண்டு மணி ஷிப்டா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், ஆறு மணி ஷிப்ட் ஆறு மணிக்குத் தொடங்குவதில்லை என்று. கம்பெனி பஸ் ஐந்து மணிக்கு முன்பே தெருமுனைக்கு வந்து நிற்கும். அதற்குள் குளித்து, டிபன் பாக்ஸைக் கட்டி, ஐ.டி. கார்டைத் தேடி எடுத்தாக வேண்டும். அதனால் வேலை நாள் நாலு மணி அலாரத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது. மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் இரண்டாம் ஷிப்டும் இரவு பத்து மணியோடு முடிவதில்லை. மெஷினை அடுத்த ஆளிடம் ஒப்படைத்து, பஸ் பிடித்து, வீடு வந்து, கை கால் கழுவிப் படுப்பதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும்.

இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் விழித்திருக்கும் நேரத்தை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். முதல் ஷிப்ட் என்றால் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், பேங்க் வேலை பார்க்கலாம், பிள்ளையை டியூஷனில் விடலாம் என்பது அந்தக் கணக்கு. ஆனால் உடம்பு வைத்திருக்கும் கணக்கு வேறு. அது தூங்கும் நேரத்தைப் பார்க்கிறது.

மூளைக்குள் ஒரு கடிகாரம்

மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில், சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சிறு முடிச்சு ஒன்று இருக்கிறது. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடல் சூடு குறைய வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் தாளம் போடுவது அதுதான். இந்தத் தாளம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலோருக்கு இந்தக் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். கண்ணில் விழும் காலை வெளிச்சம் அதைத் தினமும் சரிசெய்கிறது. ஷிப்ட் அட்டவணையை ஒரே நாளில் மாற்றி ஒட்டிவிடலாம், இந்தக் கடிகாரத்தை அப்படி மாற்ற முடியாது.

முதல் ஷிப்ட்: தூக்கம் எங்கே குறைகிறது?

“சீக்கிரம் எழ வேண்டுமென்றால் சீக்கிரம் படு” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். சொல்வது சரிதான், ஆனால் உடம்பு கேட்பதில்லை. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம், உடம்பு நன்றாக விழித்திருக்கும் நேரம். பதினொரு மணிக்குத் தூங்கிப் பழகியவர் ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்தால், புரண்டு புரண்டு படுப்பதுதான் மிச்சம். தூக்கம் வருவதென்னவோ பதினொரு மணிக்கு. அலாரம் அடிப்பது நாலு மணிக்கு. கையில் நிற்பது ஐந்து மணி நேரம். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும்.

இப்படி வெட்டுப்படுவது தூக்கத்தின் கடைசிப் பகுதி. கனவுகள் அதிகம் வரும் அந்தப் பகுதிக்கு நினைவாற்றலிலும் மனநிலையிலும் பெரிய பங்கு உண்டு. போதாததற்கு, “அலாரம் அடித்தும் எழாமல் போய்விட்டால்?” என்ற பயம் வேறு ஆழ்ந்த தூக்கத்தைக் கெடுக்கும். முதல் ஷிப்ட் வாரத்தில் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தூக்கத்தைத்தான்.

இரண்டாம் ஷிப்ட்: வீடு விட்டுவைத்தால் நல்லது

ஷிப்ட் தொழிலாளர்களின் தூக்கத்தை ஆராய்ந்தவர்கள் கண்ட ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். எல்லா ஷிப்டுகளிலும் அதிக நேரம் தூங்குகிறவர்கள் மாலை ஷிப்ட்காரர்கள்தான். காரணம் எளிது, அவர்களைக் காலையில் எழுப்ப அலாரம் இல்லை.

ஆனால் அலாரத்துக்குப் பதிலாக வீடு எழுப்பும். இரண்டாம் ஷிப்ட் முடித்து ஒரு மணிக்குப் படுத்த ஆண் எட்டு மணி வரை தூங்கினால் “பாவம், அசதி” என்பார்கள். அதே ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஸ்கூல் வேன் வருவதற்குள் இரண்டு டிபன் பாக்ஸ் தயாராக வேண்டும். பின்தூங்கி முன்னெழுவதைக் குடும்பப் பெண்ணின் இலக்கணமாகப் போற்றிவந்த ஊர் இது. மருத்துவம் அதற்கு வைத்திருக்கும் பெயர் தூக்கக் குறைவு.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்தவர் இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடித்து ஸ்கூட்டரை எடுக்கும்போது, அவர் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குத் தடுமாறும் என்று 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இந்தியாவில் வாகனம் ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்சமே 0.03 சதவீதம்தான். அவர் ஒரு சொட்டும் குடித்திருக்க மாட்டார்.

உங்கள் உடம்பு எந்தப் பக்கம்?

சேர்ந்தாற்போல் ஒரு வாரம் லீவு கிடைத்தால் கண்டுபிடித்துவிடலாம். முதல் மூன்று நாட்களை விட்டுவிடுங்கள், அது பழைய கடன் தூக்கம். நாலாம் நாளிலிருந்து அலாரம் இல்லாமல், தூக்கம் வரும்போது படுத்து, தானாக விழிக்கும்போது எழுந்து, இரண்டு நேரத்தையும் காலண்டரில் குறித்துவையுங்கள்.

பத்து மணிக்கே கண் சொருகி ஐந்தரைக்கு விழிப்பு வந்தால் முதல் ஷிப்ட் உங்களுக்கு அதிகம் வலிக்காது. ஒரு மணிக்குப் படுத்து ஒன்பதுக்கு எழுகிறவர் என்றால் இரண்டாம் ஷிப்டே மேல். இதில் சோம்பேறித்தனத்துக்கு இடமில்லை. பரம்பரையும் வயதும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. பதின்பருவத்தில் தூக்க நேரம் பின்னால் போகத் தொடங்கி, இருபது வயதையொட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு வயது ஏற ஏற முன்னால் வரும். ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன் ஆறு மணி ஷிப்டில் தூங்கி வழிவதும், ஐம்பதைத் தாண்டிய ஃபோர்மேன் அதே நேரத்தில் சுறுசுறுப்பாக நிற்பதும் இதனால்தான்.

ஷிப்ட் மாறி மாறி வந்தால்

முதல், இரண்டாம், மூன்றாம் என்ற வரிசையில் மாறுவதை உடம்பு ஓரளவு ஏற்கும். சுற்று 24 மணிக்குச் சற்றுக் கூடுதல் என்பதால், தூக்கத்தைத் தள்ளிப்போடுவது அதற்கு எளிது, முன்னே இழுப்பது கடினம். எல்லாவற்றையும்விட மோசம், இரவு பத்து மணிக்கு இரண்டாம் ஷிப்ட் முடித்து மறுநாள் ஆறு மணிக்கே வருவது. நடுவில் உள்ள எட்டு மணி நேரத்தில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக என்ன மிஞ்சும்? ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாளில் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. ஷிப்டை மாற்றிக்கொள்ளும்போது இந்த ஒரு மாற்றத்தையாவது தவிருங்கள்.

சாப்பாடு, டீ, வெளிச்சம்

முதல் ஷிப்ட் பார்ப்பவர்கள் வெறும் டீயோடு மதியம் வரை ஓட்ட வேண்டாம், கேன்டீனில் காலைச் சாப்பாட்டை விடாமல் சாப்பிடுங்கள். வீடு திரும்பியதும் இருபது, முப்பது நிமிடம் கண்ணயரலாம். நாலு மணிக்கு மேல் நீண்டால் இரவுத் தூக்கம் கெடும். எட்டு மணிக்கு மேல் வீட்டு விளக்குகளைக் குறைத்து, செல்போனைத் தள்ளிவையுங்கள்.

இரண்டாம் ஷிப்டில் பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பும், இரவுச் சாப்பாட்டை எட்டு மணி இடைவேளையிலும் முடித்துவிடுவது நல்லது. பதினொன்றரைக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் நிச்சயம், சர்க்கரையும் ஏறும். காப்பி, டீயில் உள்ள கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆகவே கடைசி டீ ஆறு மணியோடு போதும். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் வெயிலில் நில்லுங்கள், கடிகாரம் மேலும் பின்னால் ஓடாமல் இருக்கும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவர்கள்

இன்சுலின் போடுபவர்கள், வலிப்பு நோய்க்கோ மனநலச் சிக்கலுக்கோ மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சத்தமாகக் குறட்டை விட்டுப் பகலெல்லாம் தூங்கி வழிபவர்கள் ஆகியோர் ஷிப்ட் மாறும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு ஒரு இரவுத் தூக்கம் கெட்டாலே வலிப்பு வரக்கூடும்.

ஷிப்டைத் தேர்ந்தெடுத்துப் பேர் கொடுக்கும் முன், வீட்டில் உட்கார்ந்து ஒரு கேள்வியைப் பேசிவிடுங்கள். “நான் படுத்ததிலிருந்து ஏழு மணி நேரம் என்னை யாரும் எழுப்பாமல் இருக்க முடியுமா? அந்த நேரத்தில் தண்ணீரையும் வேனையும் யார் பார்ப்பது?” இதற்குப் பதில் கிடைக்கிற ஷிப்ட்தான் உங்களுக்கான ஷிப்ட்.